அனகா, ஆயில்யம், கதலித் துலாபாரம்

ஒற்றப்பாலம்
கர்க்கடக மாதம் 3

மோளே,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன்னை பெங்களூரு ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்த அன்று டாக்டர் மேடம் என் கையில் ஒரு தாள் கொடுத்தார்களே, ‘மகளிடம் பேசக்கூடாதவை’ என்று மலையாளத்தில் அச்சடித்தது, அதை நான் ஜாக்கெட் கைக்கு வெட்டிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. கடையில் மேசைமேல் கிடந்தது. கல்யாணத் தையல், அவசரம். கைக்கு மாதிரி வெட்டத் தாள் தேடினேன், நல்ல தடித்த தாளாக அகப்பட்டது. வெட்டி, துணிமேல் வைத்து, சாக்கட்டியால் கோடும் இழுத்த பிறகு, பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த லிஸ்ஸி எட்டிப் பார்த்துச் சொல்கிறாள்: “சேச்சி, இந்தக் கையில ஏதோ எழுதியிருக்கே?”

ஆக, இப்போது என்னிடம் ஒரு கை நீளத்துக்குத்தான் விதிகள் இருக்கின்றன. ஒன்று, உடம்பைப் பற்றிப் பேசாதே. இரண்டு, சாப்பாட்டைப் பற்றிப் பேசாதே. மூன்று, ‘மற்றப் பிள்ளைகளோடு ஒப்பி’ என்று தொடங்குகிறது, அதற்குள் அக்குள் வளைவு வந்துவிட்டது. நாலிலிருந்து ஒன்பது வரை துண்டுத் துணியோடு அடுப்புக்குப் போய்விட்டது. இந்தக் கடிதத்தில் ஏதாவது தப்பாக இருந்தால் அது அந்த ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்.

போன் தரமாட்டோம், கடிதம் எழுதலாம் என்றார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். நீ ஆர்க்கிடெக்ட் படிப்புக்குக் கோடு போடுகிறவள், என் எழுத்தைப் பார்த்தால் மழையில் ஓடும் கோழிக் குஞ்சுகள் மாதிரி இருக்கும். சிரி. சிரிக்கக் கூடாது என்று என்னிடம் இருக்கும் மூன்று விதியில் இல்லை.

இங்கே விடாத மழை. நாலு மணி பஸ் வந்து கடை எதிரில் நிற்கும்போதெல்லாம் என் கால் தானாக மிஷினை நிறுத்திவிடுகிறது. இறங்குகிறவர்களை ஒருதரம் பார்க்கிறேன். பிறகு மறுபடி மிதிக்கிறேன். லிஸ்ஸி, “என்ன சேச்சி, நூல் அறுந்துச்சா?” என்பாள். ஆமாம் என்பேன்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். நீ வார்டுக்குப் போன மறுநாளே நம் கோயிலில் உன் பெயருக்கு ஒரு துலாபாரம் நேர்ந்து, சீட்டும் வாங்கிவிட்டேன். கதலிப்பழம். நீ ஓணத்துக்கு வந்ததும் தட்டில் உட்காரவேண்டியதுதான். கிருஷ்ணன் பார்த்துக்கொள்வான்.

அம்மா (வல்சலா என்றும் எழுதவா? நர்ஸுக்குத் தெரியவேண்டுமே.)


பெங்களூரு
ஜூலை 26

அம்மே,

உன் கடிதத்தைப் பொன்னம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே படித்தேன். எதிர்க் கட்டில்காரி, குடகுப் பெண், எனக்கு இருப்பதேதான் அவளுக்கும். ஜாக்கெட் கை வந்த இடத்தில் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். துலாபாரம் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். “அப்புறம்?” என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை என்றேன்.

இங்கே வாரம் இரண்டு தடவை எடை பார்ப்பார்கள். இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி ஏறி நிற்கவேண்டும். எண்ணை நர்ஸ் மட்டும்தான் பார்ப்பாள். அவள் முகத்தில் எதுவும் தெரியாது, அப்படிப் பழகியிருக்கிறாள். அதற்கே முந்தின நாள் என்னால் ஒரு கோடுகூடப் போட முடியாது. நீ என்னை ஊர் நடுவில் தட்டில் உட்காரவைத்து, எதிர்த் தட்டில் பழம் பழமாக அடுக்கி, நான் எவ்வளவு என்று எல்லோருக்கும் காட்டப்போகிறாய். அதை நல்ல செய்தி என்று எழுதுகிறாய்.

உனக்கு நினைவிருக்காது. ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக் கலோத்சவத்துக்குத் திருவாதிரைக்களி ஆட்டம். எட்டுப் பேருக்கும் ஒரே ஜாக்கெட், நீதான் தைத்தாய். கடை வாசல் வரைக்கும் பிள்ளைகள் நின்றார்கள். என் இடுப்பில் டேப்பைச் சுற்றி, அளவை உரக்கச் சொல்லிவிட்டு, “லிஸ்ஸியே எழுதிக்கோ, எங்க உருளிக்கு மட்டும் ஒரு முழம் துணி கூட வேணும்” என்றாய். பாயசம் வைக்கிற உருளி, அதுதான் நீ எனக்கு வைத்த பெயர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடையில் வட்டம் சுற்றும்போது, எட்டில் எது நான் என்று கூட்டத்துக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டே சுற்றினேன். எங்களுக்குத்தான் முதல் பரிசு. யார் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. ஒரு முழம் நினைவிருக்கிறது.

எனக்குத் தெரியாமல் இல்லை அம்மே. கண்ணாடியில் நான் பார்க்கிற ஆள் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரைவிட நன்றாகச் சொல்வேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு நேர்தான் என்று தெரியும், கண் மட்டும் கோணல் என்கிறது. ரப்பரால் தேய்க்கிறேன். மறுபடி போடுகிறேன். கடைசியில் தாள் கிழிகிறது. தெரிவதால் எதுவும் நிற்பதில்லை.

ஓணத்துக்கு மூன்று நாள் அனுப்பலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். தராசு காத்திருக்கிற ஊருக்கு நான் வரவில்லை. பதில் எழுதாதே.

அனகா

இதை நாலு தடவை திருத்தி எழுதினேன். இந்தப் படியிலும் மூன்றாம் வரி சாய்ந்திருக்கிறது.


ஒற்றப்பாலம்
கர்க்கடக மாதம் 24

மோளே,

பதில் எழுதாதே என்று எழுதியிருந்தாய். இது பதில் இல்லை. நானாக எழுதுவது.

இரண்டு வாரம் யோசித்தேன். அந்த ஒரு முழத்தை எவ்வளவு தேடியும் என் நினைவில் இல்லை. லிஸ்ஸியிடம் கேட்டேன்.

“நான் அப்படிச் சொன்னேனாடி?”

“சொன்னீங்க. நான் எழுதியும் வச்சேன்.”

“என் வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?”

“உங்க வாய்க்கு ரெண்டு கை வேணும் சேச்சி. ஒரு கையில டேப் இருந்துச்சு.”

அதோடு அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. பட்டன் டப்பாவை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தோம், ஏற்கனவே பிரித்து வைத்த பட்டன்களைத்தான்.

நான் ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவள். பட்டப்பெயர் இல்லாத பிள்ளையை யாருக்கும் ஞாபகம் வராது. என்னைத் தவளை என்பார்கள், வாய்க்காக. அப்படிக் கூப்பிட்டால்தான் கஞ்சிக் கிண்ணம் என் பக்கம் திரும்பும். பிரியம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். உன்னை உருளி என்று சொல்லும்போதெல்லாம் உன் பக்கம் கிண்ணத்தைத் திருப்புவதாகத்தான் எனக்குள் கணக்கு. நீ அதை வேறு மாதிரி வாங்கிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியவில்லை. தெரியாது என்பது பெரிய சாக்கு இல்லை, எனக்குத் தெரியும்.

கோயிலுக்குப் போய்க் கவுண்டரில் சீட்டு எழுதும் வாரியரைப் பார்த்தேன். துலாபாரத்தை ரத்து பண்ணணும் என்றேன்.

“ரத்து பண்ண இதென்ன ரயில் டிக்கெட்டா வல்சலே? பேரும் நட்சத்திரமும் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. அனகா, ஆயில்யம், கதலி. இனி ஒருத்தர் உட்கார்ந்தே ஆகணும்.”

“ஒருத்தர்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கம்ப்யூட்டர் நட்சத்திரத்தைத்தான் கேக்கும். ஆளைக் கேக்காது” என்றார்.

அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று சொல்லவா? உடம்பைப் பற்றிப் பேசாதே என்று முதல் விதியே சொல்கிறது, அது என்னிடம் முழுசாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களை அளக்கிறேன். இரண்டு தோளும் ஒன்றாக இருக்கிற ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு வலது தோள் ஏற்றம். போன மாதம் கல்யாணம் ஆன பெண்ணுக்கு, அழகி என்று ஊரே சொல்கிறதே, அவளுக்கு ஒரு பக்கம் கைத்துளை பெரிசு. நான் யாரிடமும் சொல்வதில்லை. வெட்டும்போது ஒரு பக்கம் கொஞ்சம் இறக்கி வெட்டிவிடுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, “கச்சிதம் சேச்சி” என்று போவார்கள். கச்சிதம் என்பது அவ்வளவுதான்.

உனக்கு இடது தோள் ஒரு நூல் இறக்கம். எட்டு வயதில் பள்ளி யூனிபார்ம் தைக்கும்போதே பார்த்தேன். பஸ்ஸிலிருந்து நூறு பேர் இறங்கினாலும், முகம் தெரியாத தூரத்தில், அந்தத் தோளை வைத்துத்தான் நீ என்று எனக்குத் தெரியும். இப்போது நாலு மணி பஸ்ஸில் இறங்குகிற எல்லோருக்கும் தோள் நேராக இருக்கிறது.

அம்மா


பெங்களூரு
ஆகஸ்ட் 16

அம்மே,

தோள் விஷயத்தைப் படித்ததும் கண்ணாடி தேடினேன். இங்கே கண்ணாடி கிடையாது. பொன்னம்மாவிடம் கேட்டேன். “ஆமா, சாய்ஞ்சிருக்கு. முதல் நாளே பாத்தேன். பாத்ரூம் பக்கமிருந்து நீ வர்றதை அதை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன்” என்கிறாள், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி.

இத்தனை வருஷம் அங்குலம் அங்குலமாகத் தப்புத் தேடிய உடம்பில் இது என் கண்ணில் படவே இல்லை. இதைத் திருத்தவும் வழி இல்லை. முதலில் அழுகை வந்தது. பிறகு, ஏன் என்று தெரியவில்லை, சிரிப்பு.

நாலு மணிக்கு இங்கே ஒரு வாழைப்பழம் தருவார்கள். நீ பஸ்ஸைப் பார்க்கிற அதே நாலு மணி. நேற்று அதைத் தின்று முடிக்க வெகு நேரம் ஆனது. தட்டில் அது ஆறியது. பழம் எப்படி ஆறும் என்று கேட்காதே, எனக்கு ஆறியது. பொன்னம்மா தன்னுடையதை முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முன்னால் முடிக்கவில்லையே என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்து ஒரு வெட்கம். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் விழுங்கவேண்டியிருக்கிறது.

இப்போது நான் சொல்லவேண்டியது. காலேஜ் முதல் வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது, நீ இல்லாத நேரம் உன் அளவு நோட்டை எடுத்தேன். என் பக்கத்தையும் மற்றப் பெண்களின் பக்கங்களையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் எண்களை ரப்பரால் தேய்த்துவிட்டு வேறு எண்கள் எழுதினேன். குறைத்து.

நீ அந்த எண்ணை நம்பி, சிந்து சேச்சி கல்யாணத்துக்கு எனக்கு ஜாக்கெட் தைத்தாய். கொக்கி எட்டவே இல்லை. எல்லோர் முன்னாலும், “என் டேப் மக்கிப்போச்சு, குழந்தைமேல தப்பில்ல” என்றாய். பிரிக்க வேண்டாம், கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்றேன். சரியானது. நீ என்னை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, “பாத்தீங்களா, என் அளவு தப்பாகுமா?” என்று பந்தலில் எல்லோருக்கும் காட்டினாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் மறுபடி மறுபடி வாங்கப் பார்த்தேன்.

அடுத்த ஓணத்துக்கு அதே ஜாக்கெட் தொளதொளத்தது. நீ இரண்டு தடவை பிடித்துத் தைத்தாய். ஒன்றும் கேட்கவில்லை. கேலிகூடப் பண்ணவில்லை. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

அனகா


ஒற்றப்பாலம்
சிங்ங மாதம் 5

மோளே,

படித்தேன். அன்றைக்குக் கடையை மூடிவிட்டேன். லிஸ்ஸியிடம் தலைவலி என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் சாவியைத் தந்தாள்.

ரப்பர் தேய்த்த இடம் எனக்குத் தெரியும். தாள் அங்கே மெலிந்து, பின்பக்க எழுத்து தெரிந்தது. நான்தான் எப்போதோ தேய்த்திருப்பேன் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. நான் எண்ணை நோட்டிலிருந்து எடுக்கிற ஆளா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கே கண்ணால் அளவு சொல்வேன். என் மகளுக்கு நோட்டைப் பார்த்து வெட்டினேன் என்றால் உன்னை நேராகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டாவது தடவை பிடித்துத் தைத்தபோது பார்த்துவிட்டேன். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயே என்று கேட்கவில்லை. வாய் ஓயாத தவளை, பேசவேண்டிய அன்றைக்கு வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நோட்டில் உன் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இதை ஜாக்கெட் கைக்கு வெட்டவில்லை, அடுப்பில்தான் போட்டேன்.

ஓணத்துக்கு உனக்கு ஒரு ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறேன். அளவு பார்க்கவில்லை. பக்கவாட்டில் நாடா வைத்திருக்கிறேன், இழுத்தால் சேரும், விட்டால் விரியும். நீ எப்படி வந்தாலும் அது உனக்குச் சரி. இடது தோள் மட்டும் ஒரு நூல் இறக்கித் தைத்தது.

தட்டில் நான் உட்காருகிறேன். முடிவு செய்துவிட்டேன். நீ வரவேண்டியது வீட்டுக்கு, தராசுக்கு இல்லை. வருவாயா என்று கேட்கவில்லை. வாயேன்.

அம்மா


பெங்களூரு
ஆகஸ்ட் 28

அம்மே,

மூன்று நாள் விட்டிருக்கிறார்கள். அச்சன் வந்து கூட்டிப்போவதாக டாக்டரிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

பயமாக இருக்கிறது. இலை போட்டு அத்தனை கறியும் வரிசையாக வரும்போது எங்கே தொடங்குவது என்று இப்போதிருந்தே மனதில் வரைந்து வரைந்து அழிக்கிறேன். நான் சாப்பிடும்போது என்னைப் பார்க்காதே. கடிகாரத்தைப் பார். யாராவது “மெலிஞ்சிட்டியே” என்றாலும் சரி, “பரவால்ல, தேறிட்டே” என்றாலும் சரி, வாசலிலேயே தடுத்துவிடு. இரண்டாவதுதான் அதிகம் குத்தும், யாரும் நம்பமாட்டார்கள்.

நான் ஒழுங்காகச் சாப்பிடுவேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். வாக்குக் கொடுத்தால் அதையும் நூற்றுக்கு நூறு செய்யப் பார்ப்பேன். வருகிறேன், அவ்வளவுதான்.

துலாபாரத்தை நான் திரும்பிப் போன பிறகு வைத்துக்கொள். தராசின் பக்கத்தில் நிற்க இன்னும் என்னால் முடியாது. என்ன நடந்தது என்று எழுது.

நாலு மணி பஸ்ஸில் இறங்குவேன். மிஷினை நிறுத்தாதே. இங்கே எத்தனையோ சத்தம் கேட்கிறது, அது மட்டும் கேட்பதில்லை. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இறங்கவேண்டும்.

அனகா

இதைத் திருத்தவில்லை. முதல் படி.


ஒற்றப்பாலம்
சிங்ங மாதம் 30

மோளே,

நீ சொன்னபடி அன்று மிஷினை நிறுத்தவில்லை. கண் ஜன்னலில் இருந்தது, கால் மட்டும் மிதித்தது. எட்டுப் பேர் இறங்கினார்கள், ஏழு பேருக்குத் தோள் நேர். நீ அச்சனோடு உள்ளே வந்து பையை வைத்த பிறகுதான் பார்க்கிறேன், வாரியர் வீட்டுத் தலையணை உறையை நாலு பக்கமும் மூடித் தைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கடிகாரத்தையே பார்த்தேன். அது விஷுவிலிருந்து ஓடவில்லை, நீ கவனித்திருக்கமாட்டாய். மூன்று நாளும் பத்தேகாலுக்குத்தான் சாப்பிட்டோம். முதல் நாள் நீ இலையை மடித்ததை நான் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பாயசத்தை விரலால் தொட்டு நக்கினதையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் கேட்கவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன், அதை நீ பார்க்கவில்லை. சரிக்குச் சரி.

நீ போன மறுநாள் உன் நாடா ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். முடிச்சை நீ ஒரு இடத்தில் போட்டிருந்தாய். அவிழ்க்காமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். அது எந்த இடம் என்று அளக்கவில்லை. விஜயதசமிப் பூஜை எடுப்புக்கு அனுப்புவார்களா என்று டாக்டரிடம் கேட்டுப் பார். அவர்கள் இல்லை என்றால் நாலு மணி பஸ் விஷுவுக்கும் வரும், அதற்கு அடுத்த ஓணத்துக்கும் வரும். என் மிஷின் எங்கும் போகாது.

துலாபாரம் நேற்று நடந்தது. எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

வாரியர், “அனகா, ஆயில்யம்” என்று கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். வரிசையில் யாரோ, “குழந்தை நல்லா வளர்ந்துடுச்சு” என்றார்கள். தட்டு தரையில் உட்கார்ந்தது. எதிர்த் தட்டில் குலை குலையாக வைத்தார்கள். கோயிலில் இருந்த கதலி தீர்ந்தது. அடுத்தாற்போல் நின்ற குடும்பத்தின் கதலியும் தீர்ந்தது. கிறிஸ்தவளை உள்ளே விடமாட்டார்களே, லிஸ்ஸி மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு, “சேச்சி, எழும்பியாச்சா?” என்று கத்தினாள். இல்லை என்றேன். “இனிப் பழம் ஷொர்ணூர்ல இருந்துதான் வரணும்” என்றார் வாரியர். மடைப்பள்ளியிலிருந்து காலிப் பாயச உருளியைத் தூக்கி வந்து பழத்தின் மேல் வைத்தார்கள். நான் எழும்பினேன். கால் தரையில் இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

உருளியைக் கழித்து மீதி எடையை வாரியர் ரெஜிஸ்டரில் உன் பெயருக்கு நேரே எழுதினார். இனி இந்த ஊரில் யார் கேட்டாலும் உன் எடை அதுதான், ஒத்துக்கொள். என்ன எழுதுகிறார் என்று பார்க்க நான் கொஞ்சம் குனிந்தேன். நான் இருந்த தட்டு சரிந்தது, நான் வழுக்கித் தரையில் இறங்கினேன். எதிர்த் தட்டு விழுந்தது. உருளி விளிம்பில் நின்று உருண்டு, பிரதட்சிண வழியில் பாதிச் சுற்று வந்து, வடக்கு வாசல் வழியாக வெளியே போய் லிஸ்ஸியின் காலருகில் நின்றது. அவள் எடுத்துக் கொடுத்தாள். உருளியில் ஒரு சின்ன ஒடுக்கு. வாரியர் அதையும் உன் பெயரில்தான் எழுதியிருக்கிறார்.

அம்மா